அகம் மறைத்த புறம்

தமிழர் வாழ்வியலை அகம், புறம் என இரு கூறாகப் பகுத்த தொல்காப்பியர், அகத்துக்குக் கடுமையான நெறி ஒன்றை வகுத்தார். அன்பின் ஐந்திணையில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூடாது. இன்னார் எனச் சுட்டப்பட்ட அக்கணமே பாட்டு அகத்தின் எல்லையைக் கடந்துவிடும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இதற்கு நல்ல சான்று. அரண்மனையில் அரசி உறக்கமின்றிக் காத்திருக்கிறாள். பாசறையிலோ அரசன், வாடையில் விளக்குகள் அசைந்தெரியும் நள்ளிரவில், புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறி நடந்துகொண்டிருக்கிறான். பிரிவைப் பாடும் பாட்டுத்தான். ஆனால், அரசனோடு செல்வோன் ஏந்திய வேலில் வேம்பு சூட்டியிருந்தது என்று நக்கீரர் ஒரு சொல் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்த ஓர் அடையாளத்தால் பாட்டு புறத்தின்பாற்பட்டது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார்.

ஒரு பூவினால் ஒரு பாட்டின் திணையே மாறிவிட்டதை மாணவப் பருவத்தில் படித்து வியந்ததுண்டு. கல்கத்தாவில் குடியேறிப் பல ஆண்டுகள் கழிந்தபின், அலிப்பூர்ச் சிறையின் மதிலுக்குள்ளே நின்ற ஒரு பகற்பொழுதில் அவ்வியப்பு மீண்டும் எம்மை வந்தடைந்தது.

அலிப்பூர் மத்தியச் சிறை 2022-ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாகிவிட்டது. நம்மவர் மிகுதியாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து அது தொலைவன்று. குளிர்கால ஞாயிறொன்றில் உறவினர் குடும்பங்கள் சிலவற்றோடு சென்றிருந்தோம். வெயிலுக்கு இதமாகப் புல்வெளியில் ஓடித் திரிந்த சிறுவர், தூக்குமேடையின் முன் வந்ததும் வாயடங்கி நின்றனர். பெரியோர் அறிவிப்புப் பலகைகளைப் படித்தனர். எம் கண்களோ வேறோர் இடத்தைத் தேடின. காவலர் முன்னிலையில் கைதிகளை உறவினர் சந்திக்கும் இடம் அந்நாளில் எங்கே இருந்திருக்கும்? 1931-ஆம் ஆண்டில் அங்கே இருபது வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி ஏறத்தாழ நாற்பது முறை வந்து சென்றிருக்கிறாள். வந்தவள் சொன்ன பெயர் அமிதா தாஸ். கைதிக்கு உறவு என்ன என்று கேட்டபோது, ஒன்றுவிட்ட தங்கை என்றாள். பெயரும் பொய், உறவும் பொய்.

கைதியின் பெயர் ராமகிருஷ்ண பிஸ்வாஸ். இன்று பங்களாதேசத்தில் இருக்கும் சிட்டகாங் மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர். மாஸ்டர்தா என்று அனைவராலும் அழைக்கப்பட்ட ஆசிரியர் சூர்யா சென்னின் படையினர். 1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங் ஆயுதக் கிடங்குகளைச் சூர்யா சென்னின் இளைஞர்கள் கைப்பற்றியபோது அவர் உடன் செல்ல இயலவில்லை. வெடிகுண்டு செய்கையில் ஏற்பட்ட தீக்காயம் அவரைப் படுக்கையில் கிடத்தியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், வங்கக் காவல்துறைத் தலைவர் கிரெய்க் என்பவரைச் சுட்டுக் கொல்லும் பணி ராமகிருஷ்ணருக்கும் காளிபத சக்கரவர்த்தி என்ற மற்றோர் இளைஞருக்கும் தரப்பட்டது. சாந்த்பூர் இரயில் நிலையத்தில், இருளில், குறி தவறியது. இறந்தவர் தாரிணி முகர்ஜி என்ற காவல் ஆய்வாளர். காளிபதருக்கு நாடு கடத்தல், ராமகிருஷ்ணருக்குத் தூக்கு.

சிட்டகாங்கிலிருந்து கல்கத்தா வந்து மகனைக் காணும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை. மரணத்தை எதிர்நோக்கியிருந்த ஒருவரைக் காண ஆளில்லை என்ற செய்தி, நகரின் வடகோடியில் பெத்தூன் கல்லூரியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த பிரீதிலதா வாதேதார் என்ற மாணவியின் காதுக்கு எட்டியது. அவரும் சிட்டகாங்கினர், 1911 மே 5 அன்று பிறந்தவர், நகராட்சி எழுத்தர் ஒருவரின் மகள், வீட்டில் செல்லப் பெயர் ராணி. டாக்காவில் ஈடன் கல்லூரியில் இடைநிலை வகுப்பைச் சிறப்பாகத் தேறிக் கல்கத்தா வந்தவர். அதற்கு முன் ராமகிருஷ்ணரை அவர் கண்டதில்லை. ஹேதுவா குளக்கரையிலிருந்து அலிப்பூர் வரை நகரத்தின் நீளம் முழுவதையும் கடந்து, புதுப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவரைக் காணப் போனார். போனவர் மீண்டும் போனார்.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் சற்று நின்று எண்ண வேண்டியது ஒன்றுண்டு. நம்மிடையே ஒன்றுவிட்ட உறவு என்றால் உடனே ஒரு கேள்வி எழும்: அத்தை மகனா, மாமன் மகனா, சித்தப்பா மகனா? முதல் இருவராயின் முறைப் பையன்; மாலை சூடத் தகுந்தவன். மூன்றாமவனாயின் அண்ணன். வங்காளத்து இந்துக் குடும்பங்களில் இப்பாகுபாடு இல்லை. அத்தை மகனும் மாமன் மகனும் சித்தப்பா மகனும் ஒருங்கே அண்ணன்மார்தாம். அவ்வுறவில் திருமணப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நம் ஊரில் ஒரு வாயிலைத் திறந்துவிடக்கூடிய அச்சொல், இந்த ஊரில் அதனை இறுக மூடியது. சிறை அதிகாரி ஐயுறாமல் அனுமதித்ததற்கும் அதுவே காரணமாயிருக்கலாம். அண்ணனைக் காணத் தங்கை வருவதில் ஐயுற என்ன இருக்கிறது?

அந்நாற்பது சந்திப்புகளில் என்ன பேசினர்? காவலர் செவிக்கு எட்டும் தொலைவில் இருவரும் என்னதான் பேசியிருக்க இயலும்? பிரீதிலதா பின்னாளில் எழுதிவைத்த குறிப்பில் ராமகிருஷ்ணரைப் பற்றிச் சில சொற்கள் உண்டு. சாவை அமைதியாக ஏற்ற அவரது நிதானம், இறைப்பற்று, குழந்தையைப் போன்ற கள்ளமின்மை, அன்புள்ளம், அறிவு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அவரைக் கண்டபின் தம் செயலூக்கம் பன்மடங்கு பெருகியது என்கிறார். அவ்வளவுதான். அழைக்கும் முறையும் ‘ராமகிருஷ்ண-தா’ என்பதே; அண்ணன் என்ற அந்த ஓரெழுத்து ஒட்டு பெயரை விட்டு நீங்கவில்லை. 1931 ஆகஸ்டு 4 அன்று ராமகிருஷ்ணர் தூக்கிலிடப்பட்டார். அமிதா தாஸ் என்ற பெயருக்கும் அன்றோடு வேலை முடிந்தது.

வங்கப் புரட்சியாளர் இல்லறத்தையும் காதலையும் ஒரு குற்றம் போல ஒதுக்கியதன் வேரைத் தேடினால், அது ஒரு கதைப் புத்தகத்தில் சென்று முடிகிறது. பங்கிம் சந்திரர் 1882-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஆனந்தமடத்தில், காட்டில் மறைந்து போரிடும் சந்தானர் என்னும் துறவு வீரர், தாய்நாடு மீளும்வரை மனைவி மக்களைப் பார்ப்பதில்லை என்று உறுதி ஏற்கின்றனர். உறுதி தவறியவன் உயிரைக் கொடுத்துக் கழுவாய் தேடவேண்டும். ஜீவானந்தன் தன் மனைவி சாந்தியைக் கண்டு உறுதி தவறுகிறான். சாந்தியோ ஆணுடை பூண்டு, நவீனானந்தன் என்ற பெயரில் அதே படையில் வந்து சேர்கிறாள். கணவனும் மனைவியும் ஒரே பாசறையில் இரு துறவியராய் வாழ்கின்றனர். இக்கதையை நம்மவர் த. நா. குமாரசுவாமி போன்றோரின் உழைப்பால் தமிழிலேயே படிக்கும் பேறு பெற்றோம். அந்நூலின் பாடல் நாடெங்கும் பரவியது; பாரதியார் அதனைத் தமிழாக்கினார். நூலிலிருந்த நோன்பு மட்டும் வங்க இளைஞரின் உள்ளத்தில் தங்கி வேர்விட்டது.

சூர்யா சென் அந்நோன்பைச் சொல்லுக்குச் சொல் கைக்கொண்டார். குடும்பத்தாரின் வற்புறுத்தலால் புஷ்பகுந்தலா என்ற பெண்ணை மணந்தவர், மணமான கையோடு இல்லறத்தை விட்டு விலகினார். அவ்வம்மையார் கணவனோடு வாழாமலே நோயுற்று மறைந்தார். இது குறித்து மாஸ்டர்தாவைப் போற்றுவோர் பலர். புஷ்பகுந்தலாவிடம் அந்நோன்பைப் பற்றி யாரேனும் கேட்டார்களா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது எம் கருத்து. ஆனந்தமடத்துச் சாந்திக்குப் பங்கிமர் ஆணுடையும் வில்லும் கொடுத்தார். உண்மையில் வாழ்ந்த புஷ்பகுந்தலாவுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை.

1920-களில் மற்றொரு நூல் வந்தது. சரத் சந்திரரின் ‘பதேர் தாபி’ 1926-ஆம் ஆண்டு நூலாகி, 1927 ஜனவரியில் அரசால் தடை செய்யப்பட்டது. தடை செய்யப்பட்டமையாலேயே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. கதை நிகழ்வது பர்மாவில். நம் செட்டிநாட்டார் கொண்டு விற்ற, நம் உழைப்பாளர் சுமை தூக்கிய அதே இரங்கூனில். அங்கே இயங்கும் மறைமுகச் சங்கத்தின் தலைவி சுமித்திரை. உயிராய் விளங்குபவன் டாக்டர் என்று அழைக்கப்படும் சவ்யசாசி. ஒரு காலத்தில் இக்கட்டொன்றிலிருந்து அவளைக் காக்க, இவள் என் மனைவி என்று அவன் ஒரு பொய் சொல்ல நேர்ந்தது. அவள் அப்பொய்யை உள்ளத்தில் வைத்துக்கொண்டாள். அவன் அதனை அவ்விடத்திலேயே விட்டு நடந்தான். அவள் உள்ளம் அவனுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் அதனைப் பற்றிப் பேச அவனிடம் நேரமில்லை. அல்லது நேரமில்லை என்று காட்டிக்கொள்கிறான். சங்கத்தைக் காட்டிக்கொடுத்த கோழை அபூர்வனைக் கூட, பாரதி என்ற பெண் அவனை நேசிக்கிறாள் என்பதற்காகச் சாவிலிருந்து மீட்டுவிடும் அவ்வீரன், தனக்கென்று வரும்போது கல்லாகி நிற்கிறான். பிறர் காதலுக்கு இரங்குபவன் தன் காதலுக்கு இரங்கலாகாது என்ற இந்த நுட்பமே அந்நாவலின் உயிர் என்று நாம் கருதுகிறோம். முடிவில் புயலும் மழையுமான ஓரிரவில் அவன் நடந்து மறைகிறான்.

சிட்டகாங் இளைஞர் இத்தகைய நூல்களால் வளர்ந்தவர். முதலில் பெண்களைப் படையில் சேர்ப்பதற்கே அவர்கள் தயங்கினர். ஆண்களின் நோன்புக்கு இடையூறு நேருமோ என்ற அச்சம் அத்தயக்கத்தில் கலந்திருந்தது. அவ்வச்சத்தைத் தம் நடத்தையால் அகற்றியோர் பிரீதிலதாவும், சிட்டகாங்கில் அவர் பயின்ற கஸ்தகீர் பெண்கள் பள்ளியிலேயே பயின்ற கல்பனா தத்தாவும். கல்பனா எழுதிய நினைவுக் குறிப்புகள் 1945-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாயின. அதில் பிரீதிலதாவைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. விடுமுறையில் தோழியர் கூடி விருந்து சமைக்க எண்ணினர். உயிரொன்றைக் கொல்ல வேண்டியிருந்தது. பிரீதிலதாவால் இயலவில்லை. நாட்டுக்காக உயிர் கொடுக்கவும் எடுக்கவும் துணிந்தவள் இதற்கு அஞ்சுவதா என்று கேட்டபோது, அது வேறு, தீங்கறியாத வாயில்லா உயிரைக் கொல்வது வேறு என்ற பொருள்பட விடையிறுத்தாராம்.

1932-ஆம் ஆண்டு பட்டத் தேர்வை முடித்துச் சிட்டகாங் திரும்பிய பிரீதிலதா, அங்கே பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையானார். சூர்யா சென்னின் உற்ற துணைவரான நிர்மல் சென் அவரைச் சோதிப்பவர் போல, குடும்பத்தின்மேல் உனக்குப் பற்று உண்டா என்று வினவினார். உண்டு, ஆயினும் நாட்டுக்கு ஆற்றும் கடமைக்காக வீட்டுக்கு ஆற்றும் கடமையைப் பலியிட விரும்புகிறேன் என்பது அவர் தந்த விடையின் சாரம். பற்று இல்லை என்று சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

அவ்வாண்டு ஜூன் 13 அன்று, பிரீதிலதா பிறந்த தல்காட் சிற்றூரிலேயே, சாவித்திரி தேவி என்ற அம்மையாரின் வீட்டில் மாஸ்டர்தாவைக் காணச் சென்றிருந்தார். இரவில் படைவீரர் வீட்டைச் சூழ்ந்தனர். கேப்டன் காமெரான் மாடிப்படியில் சுடப்பட்டு இறந்தார். நிர்மல் சென்னும் அபூர்வ சென் என்ற இளைஞரும் மாண்டனர். சூர்யா சென்னும் பிரீதிலதாவும் இருளில் தப்பினர். அதன்பின் பிரீதிலதாவுக்கு வீடும் இல்லை, பள்ளியும் இல்லை, தலைமறைவு வாழ்க்கை.

பகார்தலியில் ஐரோப்பியர் கேளிக்கை மன்றம் ஒன்று இருந்தது. நாய்களுக்கும் இந்தியருக்கும் அனுமதியில்லை என்ற பலகை அதன் வாயிலில் தொங்கியதாகக் கூறுவர். அதனைத் தாக்கும் பொறுப்பைப் பெண்களிடம் ஒப்படைக்க மாஸ்டர்தா முடிவு செய்தார். தாக்குதலுக்கு ஒரு கிழமைக்கு முன்பு ஆணுடையில் அப்பகுதியில் சென்ற கல்பனா கைதானார். எனவே தலைமை பிரீதிலதாவின் தோளில் தனியாக ஏறியது. 1932 செப்டம்பர் 23 இரவு, பஞ்சாபி ஆடவரைப் போல உடையணிந்து தம் தோழரை வழிநடத்திச் சென்றார். மன்றத்தில் சல்லிவன் என்ற மாது இறந்தார், பலர் காயமுற்றனர். தோழர் அனைவரையும் பின்வாங்கச் செய்துவிட்டு, தோட்டா பட்ட உடலோடு பிரீதிலதா சயனைடு நஞ்சை உண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

மறுநாள் காவலர் அவ்வுடலைச் சோதித்தனர். சில துண்டறிக்கைகள், தோட்டாக்கள், ஓர் ஊதுகுழல், தாக்குதலுக்கான திட்டக் குறிப்பு ஆகியன கிடைத்தன. படைத்தலைவி ஒருத்தியிடம் இருக்கத்தக்க பொருள்கள்தாம். அவற்றோடு ஒரு புகைப்படமும் இருந்தது. ராமகிருஷ்ண பிஸ்வாஸின் புகைப்படம்.

நெடுநல்வாடையின் வேம்பு எமக்கு நினைவுக்கு வந்தது இவ்விடத்தில்தான். அங்கே ஓர் அடையாளம் அகத்தைப் புறமாக்கியது. இங்கே முற்றிலும் புறமாய் நின்ற ஒரு வாழ்வின் உள்ளே, சட்டைப் பைக்குள் அடங்கும் ஓர் அடையாளம் வேறொன்றைச் சொல்கிறது; அல்லது சொல்வது போல நமக்குத் தோன்றுகிறது.

இதனைக் காதல் என்று சொல்லலாமா? அண்மைக்காலத் திரைப்படத்தார் பிரீதிலதாவுக்கு ஒரு காதலனைத் தேடினர். நிர்மல் சென்னைக் கொண்டுவந்து நிறுத்தினர். பாட்டும் மழையும் இல்லாமல் ஒரு பெண் துப்பாக்கி ஏந்தினாள் என்றால் காண்போர் ஏற்கமாட்டார் என்ற எண்ணம் போலும். மற்றொரு சாரார், தேசப்பற்று என்ற ஒரு சொல்லால் அனைத்தையும் மூடிவிடுவர். புகைப்படம் என்ற பேச்சு எழுந்தாலே முகம் சுளிப்பர். எமக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. நாற்பது முறை வந்து போவது கட்சிக் கட்டளையால் மட்டும் நிகழ்வதன்று. அதே வேளை, தாமே சொல்லாத ஒரு சொல்லை, மறுத்துரைக்க வழியற்ற இறந்தோர் வாயில் நாம் திணிப்பதும் அறமாகாது.

காதல் என்றும் கொள்கை என்றும் பிரிக்கமுடியாத ஒன்றைத் தமிழ் மரபு முன்பே கண்டிருக்கிறது. உறையூரில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் வந்து அவனோடு உயிர் துறந்தார். அதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர் வருவார், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்று சோழன் சொன்னதும், சொன்னபடியே அவர் வந்ததும் புறநானூற்றில் பதிவாகியுள்ளன. அதற்குப் புலவர் இட்ட பெயர் நட்பு. உறவினர் அல்லர், ஒரு நாட்டினரும் அல்லர்; ஒருவர் இறக்க மற்றவர் இருக்க மனமின்றிப் போயினர். ராமகிருஷ்ணர் தூக்கிலேறிப் பதினான்கு மாதங்கள் நிறைவதற்குள் பகார்தலி நிகழ்ந்தது. தோழர் அனைவரும் உயிரோடு திரும்பிய அவ்விரவில் பிரீதிலதா மட்டும் ஏன் திரும்பவில்லை என்பதற்குத் தோட்டாக் காயத்தைக் காரணமாகச் சொல்வர். உயிரோடு பிடிபடலாகாது என்ற படையின் கட்டுப்பாட்டையும் சொல்வர். இரண்டும் மெய்யே. ஒழித்து வைத்த இடம் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று நாம் எண்ணிக்கொண்டால் அதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை.

அதே படையில் ஒரே ஒரு முறை அச்சொல் வாய்திறந்து வெளிவந்தது. 1933 பிப்ரவரியில் சூர்யா சென் பிடிபட்டபின் படையை நடத்தியவர் தாரகேசுவர் தஸ்திதார். தோழர் வழங்கிய பெயர் ஃபுட்டு-தா. அவரும் வெடிகுண்டுத் தீயில் வெந்து பிழைத்தவர். பிணையில் வந்து தலைமறைவான கல்பனா தத்தா அவரோடு இருந்தார். அவ்வாண்டு மே 19 அன்று இருவரும் பிடிபட்டனர். விசாரணைக் காலத்தில், தண்டனை எதுவாக இருக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்த நிலையில், தாரகேசுவர் கல்பனாவிடம் மெல்லக் கேட்டார்: உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது, நான் திரும்பி வந்தால் எனக்காகக் காத்திருப்பாயா என்பது அக்கேள்வியின் பொருள். கல்பனா ஒன்றும் சொல்லவில்லை. தம் மௌனம் இசைவாகப் பட்டிருக்கலாம் என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார்.

திரும்பி வந்தால் என்பதைக் கேட்டவரே நம்பியிருக்க மாட்டார். ஆகஸ்டு 14 அன்று தீர்ப்பு வந்தது. சூர்யா சென்னுக்கும் தாரகேசுவருக்கும் தூக்கு. கல்பனாவுக்கு ஆயுள் தண்டனை. 1934 ஜனவரி 12 அன்று சிட்டகாங் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். உடல்கள் உற்றாரிடம் தரப்படாமல் கடலில் இடப்பட்டன.

அதே 1934-ஆம் ஆண்டின் நடுவில், இலங்கையில் பயணம் செய்துகொண்டிருந்த இரவீந்திரநாதர், கண்டி நகரில் தங்கி ‘சார் அத்யாய்’ என்ற குறுநாவலை எழுதி முடித்தார். புரட்சிக் கூட்டமொன்றில் சேர்ந்த ஏலா, திருமணம் செய்வதில்லை என்று தலைவன் இந்திரநாதனிடம் உறுதி கூறியவள். அவளுக்காகவே அக்கூட்டத்துள் வந்து சேர்ந்தவன் அதீன். இங்கே காதல் மறைக்கப்படவில்லை. பக்கம் பக்கமாகப் பேசப்படுகிறது. பேசியும் பயனில்லை. இறுதியில் கூட்டத்தின் முடிவின்படி அவள் உயிரை எடுக்க அவனே வருகிறான். அவளும் அவன் கையாலேயே அது நிகழட்டும் என்கிறாள். சரத் சந்திரர் நோன்பை வியந்து நின்றார். தாகூர் அந்நோன்பு மனிதரின் இயல்பைத் தின்றுவிடுகிறது என்று சுட்டினார். இளைஞர் பலர் தாகூர்மீது சினங்கொண்டனர். அச்சினத்தில் நியாயம் உண்டு. தூக்குக் கயிற்றின் சுவடு ஆறுமுன் வந்த நூல் அது. ஆயினும், கல்பனா சிறையிலிருந்து விடுதலை பெற முயன்றோருள் அதே தாகூரும் ஒருவர் என்பதை மறத்தல் ஆகாது. காந்தியடிகளும் ஆண்ட்ரூசும் முயன்றனர். 1939-ஆம் ஆண்டு அவர் வெளிவந்தார்.

காத்திருக்கும்படி கேட்டவர் வரப்போவதில்லை. கல்பனா கல்கத்தாவில் பட்டப்படிப்பை முடித்தார். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். 1943-ஆம் ஆண்டு அதன் தலைவர் பி. சி. ஜோஷியை மணந்தார், மக்களைப் பெற்று, 1995 வரை வாழ்ந்தார். இவ்வாழ்வை ஒரு குறையாகக் கூறுவோரை நாம் கேட்டதுண்டு. கதைத் தலைவியர் மாண்டால்தான் மதிப்பு என்பது கதை படிப்போரின் கொடுமை. தோழர் ஒவ்வொருவரையும் பற்றி உட்கார்ந்து எழுத ஒருவராவது எஞ்சியிருந்தமையால்தான், வாயில்லா உயிரைக் கொல்ல மறுத்த பிரீதிலதாவை இன்று நாம் அறிகிறோம்.

நம்மவர் கதையும் ஒன்று இதனோடு சேரும். கல்கத்தாவின் எல்ஜின் சாலை வீட்டிலிருந்து 1941-இல் தப்பிச் சென்ற நேதாஜி, 1943-இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது அதில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் மலேயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். படைத்தலைவி சென்னையில் மருத்துவம் பயின்ற கேப்டன் லட்சுமி. நேதாஜியின் படைத்துறைச் செயலாளர் பிரேம் சேகல். பர்மாக் காட்டுப் போர், சிறை, செங்கோட்டை வழக்கு எல்லாம் முடிந்தபின் 1947 மார்ச்சில் இலாகூரில் அவ்விருவரும் மணம் புரிந்தனர். காத்திருத்தல் பயன் தந்த கதை இது. பால்மரத் தோட்டங்களுக்கு மீண்டு சென்ற அப்பெண்களுள் எத்தனை பேர், எல்லையில் மடிந்த எந்த வீரனை எண்ணி வாழ்ந்தனரோ! அவர்களைப் பற்றி எழுத ஒரு கல்பனா வாய்க்கவில்லை.

பிரீதிலதாவின் இல்லத்தைப் பற்றி ஒரு செய்தி. மகளின் சாவு தந்தையை நிலைகுலையச் செய்தது. தாய் பிரசவம் பார்க்கும் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தார். மகள் நாட்டுக்காக உயிர் கொடுத்தாள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்வாராம். இதுவும் கல்பனாவின் எழுத்தால் தெரியவருவதே.

தேர்வில் தேறிய பிரீதிலதாவுக்கு ஆங்கில அரசு பட்டம் வழங்கவிடவில்லை. 1932 பிப்ரவரி 6 அன்று பட்டமளிப்பு விழாவிலேயே ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனைச் சுட முயன்ற பீனா தாஸுக்கும் அவ்வாறே. எண்பது ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச்சில், கல்கத்தாப் பல்கலைக்கழகம் இருவருக்கும் அப்பட்டங்களை வழங்கியது. பிரீதிலதா வாதேதார் என்று முழுப்பெயரும் அதில் உண்டு.

கல்கத்தாவைக் காண ஊரிலிருந்து வரும் உறவினரைக் காளிகட்டுக்கும் தட்சிணேசுவரத்துக்கும் அழைத்துச் செல்கிறோம். காளிகட்டுக் கோயிலிலிருந்து ஆதிகங்கைப் பாலத்தைக் கடந்தால் அலிப்பூர்ச் சிறை அருகிலேயே இருக்கிறது. வடக்கே பிதான் சாரணியில் பெத்தூன் கல்லூரி இன்றும் பெண்களுக்குக் கல்வி தருகிறது. எதிரே ஹேதுவா குளம். முன்பு சென்ற வழியிலேயே சென்று பார்க்க விரும்புவோர் காலையில் கல்லூரி வாயிலிலிருந்து புறப்படலாம். நகரம் முழுவதையும் கடக்கவேண்டும், நேரம் ஆகும். அவ்வழியில் ஒரு பெண் ஏறத்தாழ நாற்பது முறை போனாள், நாற்பது முறை திரும்பினாள்.